அரைக்கட்டை கீழே

ஜூன் 8

அன்புள்ள குட்டிக்கு,

ஐம்பத்து மூன்று வயதுக்காரியை இன்னும் குட்டி என்று கூப்பிடுகிறேனே என்று உன் வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் இங்கே சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. பள்ளிக்கூடத்தில் இது எனக்குக் கடைசி வருஷம். அடுத்த ஜூனில் ஓய்வு. என் பாட்டு வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று தலைமையாசிரியை இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. தொலைக்காட்சியில் வரப்போகிறாய் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, துணி மடிக்கும்போது பேச்சுத் துணைக்கு இருக்கட்டுமே என்று பெட்டியைப் போட்டேன். ‘மூன்றாம் நடைமேடை’ என்று எழுத்து வந்தது. கையில் இருந்த தலையணை உறையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் நாடகத்தை முப்பத்தொரு வருஷம் கழித்து மறுபடியும் மேடையேற்றுகிறார்களாம். அதே அரங்கம், அதே பாட்டுகள், புதுப் பிள்ளைகள். அது எப்படி உருவாகிறது என்பதை ஒத்திகையிலிருந்து படம் பிடித்து, மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு பாகம் என்று மூன்று பாகமாகக் காட்டுகிறார்கள்.

ஒப்பனை அறை மாறவே இல்லை, குட்டி. கண்ணாடியைச் சுற்றி அதே பல்புகள். நம் தொப்பிக்காரரைப் பற்றி நிறையச் சொன்னார்கள். அவர்தான் எழுதி, மெட்டமைத்து, இயக்கி எல்லாம் செய்தார் என்று. உண்மைதானே. செத்துப் போனவரைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை. நெட்டச்சியும் வந்தாள். தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது, ஆனால் உயரம் ஓர் அங்குலம் குறையவில்லை. முதல் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் தன்னைக் கூப்பிட்டுக் கதாநாயகி வேஷத்தைக் கொடுத்தார்கள் என்றும், அன்றிலிருந்துதான் தன் வாழ்க்கை ஆரம்பித்தது என்றும் சொன்னாள். அதற்கு முன் அந்த வேஷத்தில் இருந்த பாடகி ‘உடல்நலக் காரணத்தால் விலகினார்’ என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லிக் கடந்துபோனது. நான் விலகினேனாம். கதவைத் திறந்து வெளியே விட்டார்கள் என்று சொன்னால் அந்தக் குரலுக்கு என்ன குறைந்துவிடும்?

ஒரு புகைப்படத்தில் நான் இருந்தேன். நான் என்றால் என் முழங்கை. மிச்சத்தைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

நீ வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஒத்திகை அறைப் பியானோவில் இரண்டு கட்டைகள் செத்துப்போயிருந்ததையும், அந்த இடம் வரும்போதெல்லாம் நீ வாயால் பாடிச் சரிக்கட்டியதையும் சொன்னாய். உன் பேச்சு அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு எதிராளியைப் பார்க்கிறாய்.

குழுப்படத்தில் உன் அண்ணனும் நின்றார், மேடைப் பொறுப்பாளருக்கே உரிய அந்த நீளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காதவரை நீயும் எழுத மாட்டாய். இத்தனை வருஷமும் அப்படித்தானே ஓட்டியிருக்கிறோம். புருஷனை விட்டவள் நாத்தனாரை விடவில்லை என்று இங்கே ஆசிரியைகள் என்னைக் கேலி செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் நான் நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுபோய்க் கொட்டியவரோடு வாழ முடியாது என்றுதான் வந்தேன். நீ எனக்கு என்ன கெடுதல் செய்தாய்?

விரல் எப்படி இருக்கிறது? எழுது.

உன் அன்பு அண்ணி


ஜூன் 20

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குத் திட்டாதீர்கள். நடனப் பள்ளியில் ஆண்டுவிழா வருகிறது. காலையில் இரண்டு வகுப்பு, மாலையில் மூன்று. எல்லாவற்றுக்கும் நான்தான் வாசிக்கிறேன். இடது கைச் சுண்டுவிரல் காலையில் எழுந்தவுடன் மடங்க மாட்டேன் என்கிறது. வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துக் கெஞ்சினால் பத்து மணி வாக்கில் மனசு இறங்குகிறது.

இவர் நன்றாக இருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுகிறவர், நான் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நாலு நாள் ஆனபிறகு “என்ன, ஒரு மாதிரியா இருக்கே?” என்று கேட்டார். இதுதான் எங்கள் வீட்டுச் செய்தி.

படம் பிடிக்கிறவர்கள் பிப்ரவரியில் வந்தார்கள். இரண்டு ஆண்கள், கேள்வி கேட்க ஒரு பெண். கூடத்து நாற்காலிகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, என்னைப் பியானோ முன்னால் உட்கார வைத்து விளக்கைப் போட்டார்கள். இவரை மூச்சுவிடும் சத்தம் கேட்காத இடத்தில் போய் நிற்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கேட்டார்கள். அதில் நாலு நிமிஷம்தான் போடுவார்கள், எந்த நாலு நிமிஷம் என்று தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை.

முழங்கைக்கு வருத்தப்படாதீர்கள். அந்தப் படத்தின் முழுப் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், அண்ணி. இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். மூன்றாவதைப் பார்க்க வேண்டாம். அதில் பழைய முதல்நாள் காட்சிகள் வருமாம், நெட்டச்சி பாடியது. பார்த்தால் உங்களுக்குத்தான் கஷ்டம். அந்த ஞாயிறு எங்காவது வெளியே போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்றும் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

உங்கள்
குட்டி


ஜூலை 6

அன்புள்ள குட்டிக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? மூன்றாவதைப் பார்க்காதே என்றால் நான் பார்க்காமல் இருப்பேனா? என்னோடு பழகியவள்தானே நீ. நெட்டச்சி பாடியதைக் கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று பயப்படாதே. அவள் பாட்டை வானொலியிலும் கடைத்தெருவிலும் கல்யாண மண்டபத்திலும் முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாம் பாகத்தை என் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக முடிவாகிவிட்டது. ஓவிய ஆசிரியை, கணக்கு ஆசிரியை, நூலகப் பொறுப்பில் இருப்பவள், தலைமையாசிரியை, நாலு பேர் வருகிறார்கள். “டீச்சர் ஒரு காலத்துல இவ்வளவு பெரிய ஆளா?” என்று கணக்கு ஆசிரியை நம்ப மாட்டாமல் கேட்கிறாள். முழங்கையைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் புதுப் பெண்ணைப் பார்த்தாயா? இருபத்தாறு வயதுதான் இருக்கும். இரண்டாம் பாதி முடிவில் வரும் பாட்டு, ரயில் கிளம்பிப் போவதைப் பயணச்சீட்டு அறையிலிருந்து பார்த்துக்கொண்டே அவள் மேலே பிடித்து நிற்கும் அந்தக் கடைசி சுரம், அது அவளுக்கு எட்டவில்லை. இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் நூல் அறுந்த மாதிரி போய்விட்டது. இனி இவளைக் கூப்பிட்டு என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

அந்த இசை நடத்துநர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், “சுருதியை அரைக்கட்டை கீழே எடுத்துக்கலாமா? உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்” என்றான். அவள் தலையாட்டினாள். அவன் மடிக்கணினியில் எதையோ தட்டினான். எல்லா வாத்தியத்துக்கும் புதுத் தாள் அச்சாகி வந்துவிட்டது. அவர்கள் தேநீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, குட்டி. மறுபடி பாடினாள். அழகாக நின்றது.

அவ்வளவுதானா? அரைக்கட்டைதானா?

நான் எழுந்து முற்றத்துக்குப் போய்த் துணிக்கொடியில் எடுக்க ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தொப்பிக்காரரிடம் நான் கேட்காமலா இருந்தேன்? பதினெட்டு வாத்தியத்துக்கும் கையால் எழுதின தாள், ஒருத்திக்காக எல்லாவற்றையும் மாற்றி எழுத முடியாது, அது மட்டுமல்ல, என் மெட்டை நான் கீழே இறக்க மாட்டேன் என்றார். சரி, இரண்டு வாரம் தொண்டையைப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனேன். குரல் நரம்பில் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது, பாடாமல் பேசாமல் இரண்டு மாதம் இரு என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் காட்டியது ஒரே ஒருவரிடம். “முதல் நாள் முடியட்டும், அப்புறம் ரெண்டு மாசம் இல்ல, ரெண்டு வருஷம் வேணும்னாலும் வாயை மூடிட்டு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று கெஞ்சினேன். உன் அண்ணன் சரி என்றார். ஐந்தாம் நாள் தொப்பிக்காரர் என்னைக் கூப்பிட்டு, தொண்டையில் முடிச்சோடு என்னை ஏமாற்றலாம் என்று பார்த்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அன்றைக்கு வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ வெளியே போயிருந்தாய். வேஷமே போனபிறகு டாக்டர் சொன்னதையாவது கேட்போம் என்று நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன். அதனால் சண்டையைக்கூடக் காகிதத்தில்தான் போட்டேன். ‘நீங்கள்தானே சொன்னீர்கள்?’ என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ரெண்டு நாள் பொறு. நான் பேசுறேன்” என்றார். என்ன பேச இருக்கிறது? மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மகளிர் விடுதிக்குப் போய்விட்டேன். நீதான் தேடிக்கொண்டு வந்தாய். நான் பேசக் கூடாது என்பதால் நீயும் பேசாமல் உட்கார்ந்து, நாம் இருவரும் ஒரே நோட்டில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு மாதத்தில் பிடித்த பழக்கம்தான் இது. அதற்கு அப்புறம் எனக்குக் குரல் வந்தும் இன்றுவரை உன்னோடு தொலைபேசியில் பேசத் தோன்றியதில்லை.

அந்தப் புதுப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நல்லதுதான். ஆனால் என் வயிறு எரிகிறது, குட்டி. இந்த வயதில் ஒரு சின்னப் பெண்மேல் பொறாமைப்படுகிறேன் என்று வேறு யாரிடம் சொல்வேன்?

உன் அன்பு அண்ணி


ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கட்டாயம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனிச் சுற்றி வளைத்துப் பயனில்லை.

தொப்பிக்காரரிடம் சொன்னது அண்ணன் இல்லை. நான்தான்.

அண்ணன் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் அந்த டாக்டர் சீட்டு இருந்தது. படித்தேன். உங்களிடமும் அண்ணனிடமும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் ஒத்திகையில் அரைக்கட்டை கீழே வாசித்தேன். தனிப் பியானோதானே, யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சுலபமாகப் பாடினீர்கள். தொப்பிக்காரர் மகிழ்ந்துபோனார். முழு வாத்தியக்குழு வந்து உட்கார்ந்த நாள்தான் எல்லாம் போயிற்று. அவர்கள் எழுதியிருந்த சுருதியில் வாசித்தார்கள், நானும் அதில்தான் வாசிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு எட்டவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே பாடினா? என்ன நடக்குது?” என்று கேட்டார். பியானோவைக் கீழே இறக்கினேன் என்றேன். ஏன் என்றார். சொல்லிவிட்டேன். முடிச்சு, டாக்டர், இரண்டு மாதம், எல்லாவற்றையும்.

உங்கள் குரலைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டினேன். அது பொய் இல்லை. அந்த நிலையில் அறுபது நாள் தொடர்ந்து மேடையில் பாடியிருந்தால் குரல் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அது பாதிதான். மிச்சப் பாதியையும் இன்று எழுதிவிடுகிறேன். அன்று காலையில் வாத்தியக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, “மாவு பிசையுற மாதிரி வாசிக்காதே, உன்னாலதான் எனக்கு மூச்சு தவறுது” என்றீர்கள். உங்களுக்காகத் திருட்டுத்தனமாகச் சுருதியை இறக்கி வாசித்தவளுக்கு அது தாங்கவில்லை. உங்களுக்குப் பயம், யார்மேலாவது பாய வேண்டியிருந்தது. அது இப்போது புரிகிறது. இருபத்திரண்டு வயதில் புரியவில்லை. அவர் ஏன் என்று கேட்டபோது, வாயை மூடிக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது, அண்ணி. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அந்த ‘மாவு’தான் நினைவுக்கு வந்தது.

உங்களை அவர் வேஷத்திலிருந்து எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. திட்டுவார், பாட்டை இறக்குவார் என்று நினைத்தேன்.

விடுதிக்கு வந்தேனே, அன்றைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் நோட்டில் முதல் வரியாக ‘நீயாவது என்னோடு இருக்கிறாயே’ என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே நான் எதை எழுதுவேன்? அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது முந்தின வருஷத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

கேள்வி கேட்க வந்த அந்தப் பெண், முதல் கதாநாயகியை ஏன் மாற்றினார்கள், யாருக்குமே தெரியவில்லையே என்றாள். அவளுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. உறவில்லாத ஒருத்தியிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் கோபம்தான் வரும். சொல்லி முடித்த பிறகுதான் கேமரா ஓடுகிறது என்பதே உறைத்தது. வெட்டிவிடச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாம் பாகமே அதை வைத்துத்தான் என்று பதில் வந்தது.

உங்களுக்கு எழுதுவதற்கு முன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிறு பேருந்து ஏறிப் போனேன். எழுதக் கூடாது என்ற ஏற்பாட்டை இன்று மீறுகிறேன், மன்னியுங்கள். அவர் ஜன்னல் கொக்கி ஒன்றைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணியும் மகளும், அதாவது அவருடைய இப்போதைய மனைவியும் மகளும், வெளியே போயிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். கடைசியில், “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

ஆளை மாற்றும் அறிவிப்பைத் தட்டச்சு செய்து ஒட்ட வேண்டியது மேடைப் பொறுப்பாளர்தானே. தொப்பிக்காரரே அவரைக் கூப்பிட்டு, உன் தங்கச்சிதான் சொன்னாள், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும் என்றாராம். தெரிந்தும் ஏன் உங்களிடம் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“உனக்கு அப்போ இருபத்திரண்டு வயசு. அம்மா அப்பா இல்லாம என் வீட்டுல வளர்ந்த பொண்ணு. உன்னை அவ மன்னிக்கவே மாட்டா. என்னை மன்னிச்சிடுவான்னு நெனச்சேன்.”

இரண்டு நாளில் உங்கள் கோபம் ஆறியதும் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்று இருந்தாராம். நீங்கள் மறுநாளே போய்விட்டீர்கள். அதன் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “நீ அவளுக்கு எழுதிட்டு இருந்தே. அவளுக்குன்னு அங்க இருந்தது உன் கடுதாசி மட்டும்தான். அதையும் பிடுங்கிட்டா அவ என்ன பண்ணுவா?” என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள் யார் தவறிப்போனார்கள் என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியைகளை வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நாலு பேர் முன்னால் என் வாயிலிருந்து அதை நீங்கள் கேட்க வேண்டாம்.

குட்டி


ஆகஸ்ட் 15

அண்ணிக்கு,

பதிவுத் தபாலை நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதற்கான அட்டை வந்து சேர்ந்தது. அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒளிபரப்பான பிறகு யார் யாரோ அழைக்கிறார்கள். நடனப் பள்ளியில் ஒரு பெற்றோர், நீங்கள் எவ்வளவு தைரியமானவர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உருவிக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

குட்டி


செப்டம்பர் 12

குட்டிக்கு,

உன் பதிவுத் தபால் ஒளிபரப்புக்கு முந்தின புதன்கிழமையே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். ஆசிரியைகளை வர வேண்டாம் என்று சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். என்ன காரணம் சொல்வது என்று யோசித்தேன். பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத் தெம்பில்லாமல் வைத்துவிட்டேன்.

நாலு பேரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் நூலகக்காரி தரையில் உட்கார்ந்தாள். நீ திரையில் வந்தாய். நீ சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு நீ கேள்வி கேட்டவளைப் பார்க்கவில்லை, பியானோக் கட்டைகளைப் பார்த்தாய். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முழுதாக முடித்திருந்தாய். ஓவிய ஆசிரியை எழுந்து, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஓடட்டும் என்றேன். பிறகு புதிய நாடகத்தின் முதல் நாள் காட்சி வந்தது. அந்தப் பெண் கடைசி சுரத்தைப் பிடித்து நின்றாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என் வீட்டிலும் கணக்கு ஆசிரியை தன்னை மறந்து கைதட்ட ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நான் தட்டினேன். பிறகு அவர்களும் தட்டினார்கள். அவள் நன்றாகத்தான் பாடினாள்.

நீ சுருதியை இறக்கி வாசித்தாய் என்று எழுதியிருக்கிறாய், யாருக்கும் தெரியவில்லை என்று. என் தொண்டை எனக்குத் தெரியாதா, குட்டி? முதல் நாளே கண்டுகொண்டேன். கேட்டால் நீ நிறுத்திவிடுவாயோ என்று கேட்கவில்லை. உன்னை என் கூடப் பிறந்தவள் மாதிரி நினைக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அப்படிப்பட்டவளைத்தான் மாவு பிசைகிறாய் என்றேனா? சொன்னதே எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீ முப்பத்தொரு வருஷம் சுமந்த வார்த்தை என் நினைவில்கூட இல்லை என்பதை நினைத்தால் உன்மேல் கோபப்படவும் முழுதாக வாய்க்கவில்லை.

உன் அண்ணனுக்குத் தொலைபேசி செய்தேன். எண்ணை நம் பழைய நாடகக் குழுவில் விசாரித்து வாங்கினேன். அவர் மகள் எடுத்தாள். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். பழைய நாடகக் குழுவிலிருந்து என்றேன். “அப்பா, உங்க டிராமாக்காரங்க” என்று கூப்பிட்டாள். எவ்வளவு நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு. நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் இருந்திருக்க மாட்டாள். அவள் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

அவர் வந்து பேசினார். முதலில் தொண்டை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். பத்து நிமிஷம் பேசியிருப்போம். உங்களை மன்னிச்சிடுவேன்னு நெனச்சீங்களாமே என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

“மன்னிக்கிறதுக்கு நீங்க ஒண்ணுமே செய்யலையே” என்றேன்.

“சொல்லாம இருந்தேனே” என்றார்.

அதோடு முடிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நானும் சொன்னேன். இனிப் பேச மாட்டோம் என்று இருவருக்கும் தெரிந்தது. தொடர்ந்து பேசினால் அவருடைய மனைவிக்கு அது என்ன நியாயம்?

அவர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்தார், குட்டி. இரண்டு நாள் பொறுப்பாள், மன்னிப்பாள் என்று. நான் அப்படிப்பட்டவளாக இல்லை. ஓர் இரவுகூடப் பொறுக்கவில்லை. அதை உன் கணக்கில் எழுத முடியாது. ஒரு வார்த்தை கேட்காமல் போய், முப்பத்தொரு வருஷம் என் பக்கம்தான் நியாயம் என்று நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வுதான் என்னைச் சாப்பிட வைத்தது, தூங்க வைத்தது, காலையில் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. இப்போது அது இல்லை. அறுபது வயதில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று பழக வேண்டியிருக்கிறது.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நீதான் இருக்கிறாய். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது தினமும் ஒன்று எழுதியிருக்கிறாய். என் அம்மா போனபோது எழுதியது எட்டுப் பக்கம். ஒவ்வொன்றிலும் நீ சொல்லியிருக்கக் கூடிய இடம் எது என்று தேடிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் இருக்கிறது. பேச்சை மாற்றி விரலைப் பற்றியோ வீட்டுக்காரரைப் பற்றியோ எழுதியிருக்கிறாய். சிரித்துக்கொண்டே படித்த இடங்கள் எல்லாம் அவைதான். அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆண்டுவிழா நல்லபடி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். விரலை டாக்டரிடம் காட்டு. வெந்நீர் மட்டும் போதாது.

இதற்குப் பதில் போடாதே. போட்டால் நான் பிரித்துப் படித்துவிடுவேன். படித்தால் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது. மறுபடி உனக்கு எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அண்ணி